அறிவிப்பு நாளுக்குப் பிறகு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது உண்மையில் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி நெடுங்காலமாக என்னை ஈர்த்து வருகிறது. ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடிப் பெரும்பாலும் பங்குச் சந்தைக்கே செல்கிறார்கள். இணைப்பு அறிவிக்கப்பட்ட நாளையொட்டிப் பங்கு விலை எவ்வளவு மாறியது என்று பார்த்து, சந்தை முழுவதற்கும் பொதுவான ஏற்ற இறக்கத்தை அதிலிருந்து கழித்து, எஞ்சுவதை இணைப்பின் பலனாகக் கொள்கிறார்கள். விற்கப்படும் நிறுவனத்தின் பங்குதாரருக்கு நல்ல லாபம், வாங்கும் நிறுவனத்தின் பங்குதாரருக்குச் சொற்பமே என்பதுதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு. பிறகு ஏன் வாங்குகிறார்கள்? நிர்வாகிகள் தம் மதிப்பீட்டின்மீது வைக்கும் மிதமிஞ்சிய நம்பிக்கையே காரணம் என்று 1986இல் நிதியியல் அறிஞர் ரிச்சர்ட் ரோல் வாதிட்டார்.

இம்முறையை நான் மதிக்கிறேன். ஆயினும் சில நாள் விலையைக் கொண்டு ஓர் இணைப்பை அளந்துவிட முடியாது. 1943இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். மதுரா பங்கு ஒன்றுக்கு ஐசிஐசிஐ பங்கு இரண்டு; நூறு பங்கு வைத்திருந்தவருக்கு இருநூறு கிடைத்தது. அந்நாளில் பேச்செல்லாம் இந்த விகிதத்தைப் பற்றியே. ஆனால், ஊழியர் எண்ணிக்கையில் வாங்கிய வங்கியைவிட வாங்கப்பட்ட வங்கியே பெரியது என்பதையும், பாஸ்புக்கில் கையால் வரவு எழுதிப் பழகியவர்களும் கணினியோடு வளர்ந்த இளைஞர்களும் இனி ஒரே நிர்வாகத்தின்கீழ் பணியாற்ற வேண்டும் என்பதையும் எந்த விகிதம் காட்டும்? அதைவிட முக்கியமாக, தென்மாவட்டக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுத்து வந்த மதுரா வங்கியின் திட்டம் புதிய வங்கிக்கு வந்து, அங்கே மேலும் விரிவடைந்தது. அறிவிப்பு நாளின் பங்கு விலையில் அந்தக் குழுக்களைத் தேடிப் பயனில்லை. மீண்டும் சொல்கிறேன்: இணைப்பின் கணக்கை அறிவிப்பு நாளோடு மூடிவிடக்கூடாது.

நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சுருக்கமாகக் கூறுகிறேன். 1926இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, நெருக்கடியில் சிக்கி 2020 நவம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டபோது, வைப்புதாரர் பணம் காப்பாற்றப்பட்டது. பங்குதாரரின் மூலதனமோ முழுவதும் நீக்கப்பட்டது. இத்தகைய இணைப்புகளை, இரு தரப்பும் விரும்பிச் செய்துகொண்டவற்றோடு கலந்து ஆய்வாளர்கள் சராசரி காணக்கூடாது. நன்றி, வணக்கம்.