5,000 கிரே கதிர்வீச்சிலும் சாகாத பாக்டீரியா! உடைந்த டிஎன்ஏவை எப்படிச் சேர்க்கிறது?

வணக்கம் நண்பர்களே! 1956, அமெரிக்காவின் ஓரிகன். இறைச்சி டின் ஒன்றில் எந்தக் கிருமியும் மிஞ்சக்கூடாது என்று காமா கதிர் பாய்ச்சினார்கள். அப்படியும் இறைச்சி கெட்டுப்போனது! ஆர்தர் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் காரணத்தைத் தேடினார். உள்ளே ஒரு பாக்டீரியா உயிரோடு இருந்தது. பெயர் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகுதான் கிரே. நம் உடல் முழுவதும் 5 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பிழைப்பது கடினம். இது 5,000 கிரேயை அசராமல் தாங்குகிறது.

கதிர்வீச்சு டிஎன்ஏவை என்ன செய்யும்? சட்டென்று பார்த்துவிடுவோம். நேராகவே இழையை அறுக்கும். அல்லது செல்லில் இருக்கும் தண்ணீரை உடைத்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துகளை உண்டாக்கும்; அது டிஎன்ஏவைத் தாக்கும். ஓர் இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்யலாம். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் ஆபத்து. 1 கிரேக்கு நம் செல் ஒன்றில் சுமார் 40 இரட்டை முறிவுகள். பெரும்பாலும் நம் செல்கள் முனைகளை அப்படியே ஒட்டிவிடும், நடுவில் டிஎன்ஏவின் சில எழுத்துகள் (அதாவது சிறு அலகுகள்) போனாலும்.

[திரையில்: சிதறிய டிஎன்ஏ துண்டுகள்]

இப்போது கவனமாகப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. டெய்னோகாக்கஸின் டிஎன்ஏவும் உடைகிறது, நூற்றுக்கணக்கான துண்டுகளாக! ஆனால் அதனிடம் மரபணுத்தொகுதியின் (அதாவது முழு டிஎன்ஏவின்) பிரதிகள் 4 முதல் 10 வரை இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் உடையும். உ.வே.சா. செல்லரித்த ஏடுகளை எப்படிப் பதிப்பித்தார்? ஒரு சுவடியில் சிதைந்த வரியை இன்னொரு சுவடியில் தேடிப் பிடித்தார். இங்கும் அதே வேலைதான். ஒரு துண்டின் முனை, தன்னோடு பொருந்தும் வேறு துண்டைப் பார்த்து நீள்கிறது. நீண்ட இழைகள் ஒன்றோடொன்று இணைகின்றன. கடைசியில் ரெக்ஏ என்ற புரதத்தின் உதவியோடு வட்ட வடிவ டிஎன்ஏ மீண்டும் முழுமையாகிறது. எல்லாம் சில மணி நேரத்தில்! உயிரியலாளர் மிரோஸ்லாவ் ராட்மன் குழு 2006-இல் இதை விளக்கியது.

சரி, பிரதிகள் மட்டும் போதுமா? போதாது. ஒட்டும் புரதங்களே சிதைந்துவிட்டால் யார் ஒட்டுவது? இதன் செல்லுக்குள் மாங்கனீசு நிறைய இருக்கிறது. அதன் சேர்மங்கள் புரதங்களைக் காக்கின்றன என்று ஆய்வாளர் மைக்கேல் டேலி குழு காட்டியது. என்னைக் கேட்டால், உண்மையான ரகசியம் இதுதான்.

பூமியில் இயற்கையாக இவ்வளவு கதிர்வீச்சு எங்குமே இல்லையே, பிறகு எதற்கு இந்தத் திறமை என்று கமெண்ட்டில் கேட்பீர்கள். வறட்சிக்காக! உடல் காய்ந்துபோனாலும் டிஎன்ஏ இப்படித்தான் உடையும். வறட்சியைத் தாங்கப் பழகியது, கதிர்வீச்சையும் தாங்குகிறது என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து.