காய்ச்சினாலும் போகாத அழுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீர் சரியில்லை என்று கேள்விப்பட்டதும் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, ‘காய்ச்சிக் குடி’ என்பதுதான். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய சொல் அது. ஆனால் வயலிலிருந்து குடிநீருக்கு வந்து சேருகிற அழுக்குகள் பலவற்றிடம் அந்தச் சொல் செல்லாது. சிலவற்றில் காய்ச்சுவதே கெடுதல். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில், காய்ச்சினால் தீர்ந்திருக்கக்கூடிய ஒரு துயரம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர்; சுமார் 5,000 பேர். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே சில நாள் விடாத மழை. பக்கத்து வயலில் போட்டிருந்த மாட்டுச்சாணத்தின் கிருமிகள் அந்த மழையோடு இறங்கி, ஊருக்கே தண்ணீர் தந்த ஆழமில்லாத கிணற்றில் கலந்துவிட்டன. ஈ.கோலை ஓ157 என்ற கொடிய வகையும் அதில் இருந்தது. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். குளோரின் அளவை ஒழுங்காகப் பார்க்காமல், பார்த்ததாகப் பதிவேட்டில் பொய்யாக எழுதியிருந்தார்கள் என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது.

அந்த விசாரணையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொன்று. நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் அந்த வயலின் சொந்தக்காரர்மீது எந்தக் குற்றமும் சொல்லவில்லை. விவசாயத்துறை ஒப்புக்கொண்ட முறைப்படிதான் அவர் எரு போட்டிருந்தார். அந்தக் கிணற்றில் மேல்நீர் எளிதாக இறங்கிவிடும் என்பதோ, தொடங்கிய காலத்திலேயே தெரிந்திருந்தது. உழுகிறவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். ஊர் செத்துப் பிழைத்திருக்கிறது. ஆகவே இங்கே யாரும் விவசாயியை நோக்கி விரல் நீட்ட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இனி, காய்ச்சக் கூடாத தண்ணீருக்கு வருவோம். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக்கு ஓர் எச்சரிக்கை வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சவும் செய்யாதீர்கள். ஏறத்தாழ 5 லட்சம் பேர், மூன்று நாள். வயல்களிலிருந்து ஆற்று வழியாக, அந்நகரம் தண்ணீர் எடுக்கிற ஈரி ஏரிக்குப் போன மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸைத் தின்று நீலப்பச்சைப் பாசி பெருகி, மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை விட்டிருந்தது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும். நஞ்சு அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும்.

உரத்திலும் எருவிலும் இருக்கிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மண்ணில் மாறி உண்டாகிற நைட்ரேட்டும் அப்படித்தான். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு அது மிகுந்த தண்ணீரில் பால் கலக்கிக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கிற சக்தியை இழக்கும். பிள்ளையின் உடம்பு நீலம் பாரிக்கும். கிணற்று நீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1945இலேயே அமெரிக்காவின் அயோவாவில் மருத்துவர் ஒருவர் எழுதி வைத்தார். பிள்ளைக்கென்று அக்கறையோடு கூடுதல் நேரம் காய்ச்சுகிற தாய், தெரியாமலேயே நைட்ரேட்டின் அடர்த்தியைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழைநீர் நிலத்தடிக்கு இறங்குகிறது என்றால் அது 10 லட்சம் லிட்டர். அந்த நீர் எல்லையைத் தொடுவதற்கு 11 கிலோ தழைச்சத்து போதும். ஏறக்குறைய 25 கிலோ யூரியாவில் இருக்கிற அளவு. பயிர் எடுத்துக்கொள்ளாமல் விட்ட மிச்சம்தான் இது. மழைக்கு முந்தின நாள் மேலுரம் போட்டாலோ, அறுவடைக்குப் பிறகு நிலத்தை வெறுமனே கிடக்கவிட்டாலோ இவ்வளவு எளிதாகக் கீழே போய்விடும்.

களைக்கொல்லி, பூச்சிக்கொல்லிக் கணக்கு இதைவிட மலைக்க வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு மருந்து குடிநீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அப்படியானால் ஒரே ஒரு கிராம் மருந்து ஒரு கோடி லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்! கிணற்றடியில் தெளிப்பானைக் கழுவுவதும், மருந்து கலந்த தொட்டிக்குள் குழாயை முக்கி வைத்து நீர் நிரப்புவதும் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் நின்றால் தொட்டி நீர் குழாய் வழியே கிணற்றுக்கே திரும்பும். திரும்பாமல் தடுக்க ஒரு வால்வு போதும். குழாய் முனையைத் தொட்டி நீருக்கு மேலே பிடித்தாலும் போதும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நைட்ரேட்டை எடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். செலவு அதிகம், எடுத்த கழிவை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி. அந்தச் செலவை ஆண்டாண்டுக்கும் செய்துகொண்டே இருக்க வேண்டும். ‘சாக்’ என்கிற மென்மையான சுண்ணப்பாறை நிலங்களில் நைட்ரேட் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் கீழிறங்குகிறது. அப்படிப்பட்ட இடங்களில் நம் பெற்றோர் காலத்தில் போட்ட உரம் இப்போதுதான் கிணற்றுக்கு வந்துகொண்டிருக்கும். இன்றே திருத்திக்கொண்டாலும் பலனைப் பார்க்க இருபது முப்பது ஆண்டு ஆகலாம். அதனால்தான் தள்ளிப்போட வேண்டாம் என்று மன்றாடுகிறேன்.

நியூயார்க் நகரம் என்ன செய்தது? 200 கிலோமீட்டர் வரை தள்ளியிருக்கிற மலைப்பகுதிகளிலிருந்து அதற்குத் தண்ணீர் வருகிறது; பெரும்பகுதி வடிகட்டாமலேயே. 1990 வாக்கில் நகரம் அங்கே கடுமையான விதிகள் போடப் பார்த்தது. மாட்டுப்பண்ணைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு பேசினார்கள். 1993இல் விவசாயிகளே நடத்துகிற ஓர் அமைப்பு உருவானது. பணம் நகரம் கொடுத்தது. மாடுகள் ஓடையில் இறங்காமல் வேலி, சாணத்தைச் சேர்த்து வைக்கக் கட்டிய இடம், ஓடைக்கரையில் மரமும் புல்லும் என்று பண்ணைக்குப் பண்ணை தனித் திட்டம். குடிக்கிறவர் கொடுத்தார், உழுகிறவர் காத்தார். எனக்கு இதில் பிடித்தது அந்த மரியாதைதான்.

எங்கே தொடங்குவது? ஜெர்மனியில் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி மூன்று வளையம் போடுகிறார்கள். கிணற்றடியில் குறைந்தது 10 மீட்டர், எதுவுமே கூடாது. அடுத்தது, நிலத்தடி நீர் கிணற்றுக்கு வந்துசேர 50 நாள் ஆகிற தூரம். அதற்குள் பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும் என்பது கணக்கு. அதற்கப்பால், தண்ணீர் வந்து சேருகிற நிலப்பரப்பு முழுவதும்.

அந்த வளையங்களை வரைந்த கையோடு, தண்ணீர் வழங்குகிறவர்களும் அந்த நிலத்தில் உழுகிறவர்களும் சேர்ந்து ஒருநாள் அதை நடந்து பார்க்கட்டும். எருக்குழி எங்கே இருக்கிறது, மழைநீர் எந்த வரப்பை உடைத்துக்கொண்டு போகிறது, தெளிப்பானை எங்கே கழுவுகிறார்கள் என்று அவர்களே காட்டட்டும். மாற்றுவதற்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தத் தொகையைத் தண்ணீர்க் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். நான் கொடுக்கத் தயார்.

நன்றி.