ஆர்னால்டு அதிபர் இல்லண்ணே, கவர்னர்!

வணக்கம் மக்களே, அதே மொட்டை மாடி, அதே டீ கிளாஸ். இப்போ செம கடுப்புல இருக்கேன். காலைல ஜிம்ல ஒரு அண்ணன், நம்ம டெர்மினேட்டர் பட ஹீரோ ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் இருக்காருல்ல, அவரப் பத்தி "ஆர்னால்டு அமெரிக்க அதிபரா இருந்தவர்டா"ங்கறாரு. அண்ணே, அவரால அதிபர் ஆகவே முடியாதுண்ணே! அதுக்கு பொறப்புலயே அமெரிக்கக் குடிமகனா இருக்கணும், இவரு 1947ல ஆஸ்திரியால, கிராட்ஸ் பக்கத்துல தால்னு ஒரு கிராமத்துல பொறந்தவரு. கலிபோர்னியாவுக்குத்தான் கவர்னர்னு சொன்னா, "ஓ, ராஜ்பவன்ல உக்காருவாங்களே அதா"ன்னாரு. அதுவும் இல்ல! அங்க கவர்னர்னா நம்ம சிஎம் மாதிரி, ஓட்டு வாங்கித்தான் வரணும்.

அந்தக் கடுப்புலயே போய் இந்த ஆர்னால்டு போஸ்டர வாங்கிட்டேன். கடைக்காரரு 250 ரூபா சொன்னாரு. நான் 100ல ஆரம்பிச்சேன், ரெண்டு தடவ கிளம்புற மாதிரி வண்டி சாவியெல்லாம் எடுத்தேன், 160க்கு முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து பாத்தா லேமினேஷன்ல கரெக்டா கை மேல ஒரு குமிழி! பாருங்க, அவருக்கு இருக்கிற புஜம் பத்தாதுன்னு இது வேற.

சரி, விஷயத்துக்கு வரேன். 1968ல 21 வயசுல அமெரிக்கா வந்தாரு, அப்புறம் மிஸ்டர் ஒலிம்பியாங்கற பாடிபில்டிங் பட்டம் 7 தடவ, சினிமா, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். 2003ல க்ரே டேவிஸ்னு ஒரு கவர்னர், மறுபடி ஜெயிச்சு ஒரு வருஷம்கூட ஆகல, கரண்ட் பிரச்சன, பட்ஜெட்ல துண்டுன்னு ஜனங்க கொதிச்சுப்போய் அவர பதவியில இருந்து இறக்க ஒரு ஓட்டெடுப்பு. ஒரே ஓட்டுச் சீட்டுல ரெண்டு கேள்வி, இவரத் தூக்கலாமா, தூக்கினா யாரு வரணும்? ரெண்டாவது கேள்விக்கு 135 வேட்பாளர்! நம்மாளு ஏறக்குறைய 49 சதவீதம் வாங்கி கவர்னர் ஆயிட்டாரு.

ஐயோ, செங்கல் கதைய விட்டுட்டேன், என் ஃபேவரிட்டே அதான். வந்த புதுசுல நண்பர் ஃபிராங்கோ கொலம்புவோட சேந்து கொத்தனார் வேல பாத்திருக்காரு, 1971ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பூகம்பம் வந்து சுவரெல்லாம் விழ, இவங்களுக்கு வேல குவிஞ்சுது. குடியுரிமை கிடைச்சது 1983லதான், அதுல இருந்து சரியா 20 வருஷத்துல கவர்னர்.

ஆனா 2005ல வாங்கினாரு பாருங்க ஒரு அடி! சட்டசபை வழிக்கு வரலன்னு நாலு தீர்மானத்த நேரா ஜனங்ககிட்ட ஓட்டுக்கு விட்டாரு, நாலும் அவுட். தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கிட்டாரு, எதிர்க்கட்சிக்காரங்களோட உக்காந்து பேசி 2006ல பூமிய சூடாக்குற வாயுக்கள 2020க்குள்ள 1990 அளவுக்கு இறக்கணும்னு சட்டம் போட்டாரு, அந்த வருஷமே திரும்பவும் ஜெயிச்சாரு. இந்த ஆர்னால்ட எனக்கு ரொம்பப் புடிக்கும்.

புடிக்காதது ஒன்னு இருக்கு. 2011 ஜனவரி, பதவி முடியற கடைசி ராத்திரி, ஒரு முன்னாள் சபாநாயகரோட மகனுக்கு ஒரு கொல கேஸ்ல இருந்த 16 வருஷ தண்டனைய 7ஆ குறைச்சாரு. ஜிம் அண்ணன்கிட்ட இதையும் சொன்னேன், "அப்போ நம்மூரு மாதிரிதான்"னுட்டு டம்பெல்ஸ எடுத்துட்டுப் போயிட்டாரு.

சரி, டீ ஆறிப்போச்சு. இந்தக் குமிழிய ஊசியால குத்தலாமா, துணி போட்டு அயர்ன் பண்ணலாமா? தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்கப்பா.