கிரெம்ளினில் ஒரு சூப்பர் பவுல் மோதிரம்

நடுவர் அவர்களே, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து அணியை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் பெருமையைச் சொல்வது மோதிரமா, ஆட்டமா என்பது தலைப்பு. மோதிரம் என்றால், இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஜெயித்தவர்களுக்குக் கிடைப்பது. எதிரணித் தலைவர் எழுந்ததும் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். டாம் பிரேடிக்கு ஏழு, ஜோ மொன்டானாவுக்கு நான்கு, டான் மரினோவுக்குப் பூஜ்யம், வழக்கு தீர்ந்தது என்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் என்றால் நீங்கள் எதற்கு, ஒரு நகைக்கடைக்காரர் போதுமே!

சரி, அவர் வழியிலேயே எண்ணுவோம். 2005இல், பிரேடி ஆடிய நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட் ரஷ்யா போனார். 124 வைரக்கல் பதித்த தம் மோதிரத்தை விளாதிமிர் புதினிடம் காட்டினார். வாங்கிப் போட்டுப் பார்த்த புதின் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்பளிப்பு என்று அப்போது சொன்ன கிராஃப்ட், கொடுக்கும் எண்ணமே இல்லை என்று பல ஆண்டு கழித்துச் சொன்னார். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. மோதிரம் கிரெம்ளினில். ஆக, எதிரணிக் கணக்குப்படி புதினுக்கு ஒன்று, மரினோவுக்குப் பூஜ்யம்!

அந்தப் பூஜ்யக்காரர் 1984இல் என்ன செய்தார்? ஒரே சீசனில் எறிந்தே 5,084 யார்டு, கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்த 48 டச்டவுன் பாஸ். அதுவரை ஐயாயிரம் யார்டை எவரும் தொட்டதில்லை. அந்த சீசனின் சூப்பர் பவுலில் அவருடைய மியாமி அணி 38-16 என்று தோற்றது. 17 சீசன் ஆடியும் அந்த மேடை அவருக்கு மறுபடி வாய்க்கவில்லை.

டிரென்ட் டில்ஃபர் என்ற குவார்ட்டர்பேக்குக்கு வாய்த்தது. 2000 சீசனில் பால்டிமோர் அணியோடு மோதிரம் போட்டார். வாங்கிக் கொடுத்தது யார்? 16 ஆட்டத்தில் மொத்தமே 165 புள்ளி விட்டுக்கொடுத்த தடுப்பாட்டக்காரர்கள். அடுத்த சீசனுக்கு டில்ஃபரை அந்த அணி வைத்துக்கொள்ளவில்லை. மோதிரம் கொடுத்தவர்களே மோதிரத்தை நம்பவில்லை, நடுவர் அவர்களே!

குவார்ட்டர்பேக்கை விடுங்கள், பந்தோடு ஓடும் ஜிம் பிரவுனை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? கிளீவ்லாந்துக்கு 1964இல் பட்டம் வாங்கித் தந்தவர். முதல் சூப்பர் பவுல் நடந்ததே 1967 ஜனவரியில்தான்.

பிரேடியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை, அவர் ராஜாதான். ஆனால் நான்காவது மோதிரம் வந்த கதையைக் கேளுங்கள். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பவுல். எதிரே ஆடிய சியாட்டில் அணிக்குக் கோட்டைத் தாண்ட ஒரே ஒரு யார்டு. கடிகாரத்தில் அரை நிமிடம்கூட இல்லை. பிரேடி களத்துக்கு வெளியே, வேடிக்கை பார்ப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. சியாட்டிலின் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிகிறார். வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்காத மால்கம் பட்லர் என்ற பேட்ரியாட்ஸ் பையன் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறிக்கிறார். 28-24, பேட்ரியாட்ஸ் ஜெயித்தது. பட்லரின் கால் ஒரு எட்டு பிந்தியிருந்தால், அன்று முழுக்கப் பிரேடி எறிந்த பாஸெல்லாம் பாழா?

இதையே புரட்டிப் போட்டால் பஃபலோ அணி. 1991 ஜனவரி, டாம்பாவில் சூப்பர் பவுல். ஒரு புள்ளி பின்தங்கல், எட்டு விநாடி மிச்சம். குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி அணியை நகர்த்திக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், இனி அவர் கையில் ஒன்றுமில்லை. இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஜெயம். 47 யார்டிலிருந்து ஸ்காட் நார்வுட் உதைத்த பந்துக்கு உயரம் இருந்தது, தூரம் இருந்தது, வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. 20-19 என்று தோல்வி.

மறுநாள் பஃபலோ நகரச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் திரண்டார்கள், தோற்றுத் திரும்பிய அணியைப் பார்க்க! "ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும்" என்று கூட்டம் கத்தியது. கண் கலங்க மைக் முன்னால் வந்து நின்றார் நார்வுட்.

மணியடிக்க உங்கள் கை போவது தெரிகிறது. எதிரணித் தலைவர் அந்தச் சதுக்கத்துக்குப் போய் விரலை மடக்கி எண்ணிக் காட்டட்டும். நான் அமர்கிறேன்.