கேட்கக்கூடாத கேள்வி

வணக்கம் நேயர்களே. வழக்கறிஞர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளோடு குறுக்கு விசாரணை, அதாவது எதிர்த்தரப்புச் சாட்சியை நாம் கேள்வி கேட்பது பற்றிக் கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன்.

என் ஆரம்ப காலத்தில் ஒரு அடிதடி வழக்கு. சம்பவம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். நேரில் பார்த்ததாகச் சொன்ன அரசுத் தரப்புச் சாட்சியிடம், "அன்றைக்கு அமாவாசைதானே?" என்றேன். "ஆமாம்." "தெருவிளக்கு எரியவில்லை?" "எரியவில்லை." அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்புறம் எப்படி ஆளைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். "பைக் ஹெட்லைட் வெளிச்சம் அவர் முகத்தில்தானே அடித்தது!" என்றார். முதல் விசாரணையில் அரசுத் தரப்பு கேட்காமல் விட்டதை நானே பதிவில் ஏற்றிக் கொடுத்தேன். என் கட்சிக்காரரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

குறுக்கு விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதை விட்டுவிட்டு 'ஏன்', 'எப்படி' என்று போனால், விளக்கம் சொல்லச் சாட்சிக்கு நாமே வழி விடுகிறோம். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம் போதும். இருட்டில் ஆளைத் தெரியாது என்பதை வாதத்தின்போது நீதிபதியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, முரண்பாட்டுக்கு வருவோம். நல்ல ஜூனியர்களே வழுக்குகிற இடம் இது. போலீசிடம் சொன்னதற்கு மாறாகச் சாட்சி கோர்ட்டில் சொன்னால், வாக்குமூலத்தில் உள்ள அந்த வரியையே அவருக்குக் காட்டிக் கேட்க வேண்டும். பழைய 1872 சாட்சியச் சட்டத்தில் இது 145-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 148. "அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் மறுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, "சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?" என்று கேட்டு வாங்கினால்தான் முரண்பாடு நிரூபணமாகும். பல வாய்தா தள்ளி அவர் வரும்போது இது மறந்தே போய்விடுகிறது. கேஸ் கட்டின் மேலட்டையிலேயே குறித்து வையுங்கள். 'நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல' என்று சாட்சியின் மறுப்பு பக்கம் பக்கமாகத் தட்டச்சானாலும், அதிகாரியின் இந்த ஒரு பதிலுக்கு ஈடாகாது.

உங்கள் வழக்கில் வாய்தா ஆனதும் கிளம்பிவிடாதீர்கள். செஷன்ஸ் கோர்ட்டில் பின் வரிசையில் உட்காருங்கள். மூத்த வழக்கறிஞர் எந்தப் பதில் வந்ததும் "அவ்வளவுதான்" என்று உட்காருகிறார் என்று பாருங்கள். அடுத்ததாக நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள் என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.