சங்கம்னா சால்வை மட்டுமில்லைங்க

வணக்கம்ங்க. அடுப்படியில வேலை பார்த்துக்கிட்டே ரேடியோ கேக்குற அக்கா தங்கச்சிங்களுக்குத்தான் இந்தப் பேச்சு, தொழில் சங்கம் நமக்கு எதுக்குன்னு. நான் தர்மபுரியில கொட்டை எடுத்த புளி பாக்கெட் போட்டு விக்கிறவ.

மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டுலயே மொதமொதல்ல 1989ல நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க, அப்போ கிருஷ்ணகிரியும் நம்மகூடத்தான இருந்துச்சு, 2004லதான் தனியாப் பிரிஞ்சுது. குழுவுல சேமிக்க, கடன் வாங்க, பேங்க்ல நிமிர்ந்து பேசக் கத்துக்கிட்டோம். ஆனா சரக்கு போட்ட காசை எப்படி வாங்குறது? அது எனக்குத் தெரியாதுங்க.

ஒரு வெளியூர் கம்பெனிக்கு லோடு அனுப்பிட்டு நாலு மாசம் அலைஞ்சேன். போன் போட்டா "அடுத்த வாரம் பாக்கலாம்மா". மாசி பங்குனிதான் புளி சீசன், அப்போ வாங்கிப் போடலைன்னா வருசம் பூரா என்னத்தை விக்கிறது, புளி தட்டுற பொம்பளைங்களுக்குச் சனிக்கிழமை கூலி வேற குடுக்கணும், கம்மலை அடகு வச்சுத்தான் குடுத்தேன். அப்புறம் எங்க தொழில் சங்கத்துல இருக்குற ஒரு அண்ணன் கேட்டார், "ஏம்மா, உத்யம் பதிவு பண்ணியிருக்கியா?" அதாங்க, சின்னத் தொழில் பண்றவங்க மத்திய அரசுகிட்ட பண்ற பதிவு. பண்ணியிருந்தேன், ஆனா அது எதுக்குன்னே தெரியாது. 2006ல வந்த சிறுதொழில் சட்டப்படி, நம்மள மாதிரி சின்ன யூனிட்ல சரக்கு வாங்குனவங்க 45 நாளுக்குள்ள பணம் குடுத்தே ஆகணும், எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான், தாண்டுனா ரிசர்வ் வங்கி சொல்ற பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இதை சங்கத்தோட லெட்டர்பேடுல எழுதி அனுப்புனாங்க. பத்தே நாள்ல பணம் வந்துருச்சுங்க! நான் தனியாக் கேட்டப்ப வராத காசு.

உத்யம் பதிவுக்கு ஒரு பைசா செலவில்லை, சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே பண்ணி வச்சுக்கங்க.

சங்கத்துக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். மார்ச் 8 மகளிர் தினத்துக்கு மேடை போட்டு சால்வை போத்துறீங்க, சந்தோசம். ஆனா மாசக் கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு லாட்ஜ் ஹால்ல வச்சா பாலக்கோட்டுலருந்து, அரூர்லருந்து ஒரு பொம்பளை எப்படி வந்துட்டுத் திரும்புவா? கடைசி பஸ்ஸு போயிருமே. பகல் பதினோரு மணிக்கு வைங்க. நிர்வாகக் குழுவுல எங்களுக்கும் சீட்டு குடுங்க, வரவேற்புரைக்கு மட்டும் கூப்பிடாதீங்க. சொல்லிக்கிட்டே இருக்கேன், இன்னும் சொல்லுவேன்.

நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. பிஎம்இஜிபி கடன், அதாங்க புதுசாத் தொழில் ஆரம்பிக்க மத்திய அரசு மானியத்தோட பேங்க்ல கிடைக்கிற கடன், அதைப் பத்தி விரிவாப் பேசணும்னு வந்தேன். கிராமத்துல தொழில் ஆரம்பிக்கிற பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போட்டாப் போதும், மாவட்டத் தொழில் மையத்துல போய்க் கேளுங்க. வரேங்க.