காரீய வில்லையில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பழைய மின்மீட்டரில் கம்பியைக் கோத்து, சின்ன ஈயக் குண்டு ஒன்றை நசுக்கி வைத்திருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசில் கடிதங்களுக்கும் இதே ஏற்பாடுதான். மடித்த கடிதத்தைக் கயிற்றால் கட்டி, அந்தக் கயிற்றைக் காரீய வில்லையின் துளைக்குள் விட்டு, இடுக்கி போன்ற இரும்புக் கருவியின் வாயில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. இரு பக்கமும் எழுத்து பதிந்துவிடும். கடிதங்கள் மக்கிப்போயின, காரீயம் மட்டும் கிடைக்கிறது. அமெரிக்காவின் டம்பார்ட்டன் ஓக்ஸ் ஆய்வு நிலையத்தின் சேகரிப்பில் மட்டும் சுமார் 17,000 வில்லைகள்!

அவற்றில் எனக்குப் பிடித்தவை கொம்மெர்கியாரியோஸ் எனப்பட்ட வணிக அதிகாரிகளின் முத்திரைகள். 7ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவற்றில் பேரரசரின் உருவம், அதிகாரியின் பெயர், இன்ன மாகாணத்தின் பண்டகசாலை என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். ஆண்டும் உண்டு, ஆனால் 15 ஆண்டுச் சுற்றில் எத்தனையாவது என்று மட்டும். நம்முடைய அறுபது வருஷக் கணக்கு மாதிரிதான். பிரபவ என்றால் எந்தப் பிரபவ? பேரரசர் யார் என்று பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

சரி, பண்டகசாலையில் என்ன இருந்தது? பட்டு என்றார் வரலாற்றாய்வாளர் நிக்கோலாஸ் இக்கோனோமிதிஸ். படைகளுக்கான ஆயுதம் என்றார் இன்னொரு வரலாற்றாய்வாளர் மைக்கேல் ஹெண்டி. குளிரடிக்கும் அனடோலிய (இன்றைய துருக்கி) மேட்டு நிலத்தில் பட்டு எங்கிருந்து வரும் என்று யோசிக்கும்போது நான் ஹெண்டி பக்கமே சாய்கிறேன்.

இன்னொரு சரக்கும் இருக்கிறது. 694-695ஆம் ஆண்டு முத்திரைகள் சிலவற்றில் கியோர்கியோஸ் என்ற அதிகாரியின் பெயரோடு "ஸ்லாவ் அடிமைகள்" என்று பொறித்திருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் ஸ்லாவ் இன மக்களிலிருந்து 30,000 பேர் கொண்ட படை திரட்டினார்; அதில் 20,000 பேர் போர்க்களத்தில் அரபுகள் பக்கம் போய்விட்டார்கள் என்று எழுதுகிறார் பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபானிஸ். மிஞ்சியவர்களைக் குடும்பத்தோடு பேரரசர் கொன்றார் என்றும் சொல்கிறார். முத்திரையைப் பார்த்தால், கொல்லாமல் விற்றிருக்கலாம் என்று தோன்றுகிறது. எத்தனை பேர், என்ன விலை, யார் வாங்கியது என்பதெல்லாம் அந்தக் கயிறு கட்டியிருந்த கடிதத்தில் இருந்திருக்கும்.